“சொன்னால் என்னைத்தானே பிடிப்பினம்”: தடைக்குப் பிறகு ஒரு தாயின் கடிதம்

கடிதத்தின் சாரம்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வசிக்கும் ஒரு தாய் எட்டுப் பக்கங்களில் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கணவர், 14 வயது மகள், 10 வயது மகன், அம்மம்மா என வீட்டில் ஐந்து பேர். தாய் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்கிறார். மகள் பரதம் பயில்கிறாள். 12 வயதிலேயே பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்து இன்ஸ்டகிராமிலும் ஸ்னப்சட்டிலும் கணக்குத் திறந்துவிட்டாள். தாய்க்கு அது பிறகுதான் தெரிந்தது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கான சமூக ஊடகத் தடை 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்து, இன்ஸ்டகிராம் கணக்கு மூடப்பட்டபோது, “சாமி அறையில விளக்கேத்திக் கும்பிட்டனான்” என்று எழுதுகிறார். இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

பள்ளிக்கூடம் தொடங்கிச் சில வாரங்களில், மகளின் ஸ்னப்சட் இன்னும் இயங்குவதைத் தற்செயலாகக் கண்டார். வயதைச் சரிபார்க்க முகத்தைக் காட்டச் சொன்னபோது, 19 வயது ஒன்றுவிட்ட அக்காவைக் கமராவுக்கு முன் இருத்தியிருக்கிறாள். விசாரிக்கப் போக இன்னொன்றும் வெளிவந்தது. வகுப்புப் பிள்ளைகள் சிலர் அவள் நடன உடுப்புடன் நிற்கும் படமொன்றை எடுத்து, நிறத்தைப் பழிக்கும் சொற்களை ஒட்டி, வட்ஸ்அப் குழுவொன்றில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து வாரமாக. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு மகள் சொன்ன பதில்: “நான் கள்ளமா எக்கவுண்ட் வச்சிருக்கிறன். சொன்னால் என்னைத்தானே பிடிப்பினம்.”

போனை உடைத்து எறிந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் கணவர். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளை சட்டத்தை மீறியது பிரச்சினையாகும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். “நாங்களே அறிவிச்சு அந்த எக்கவுண்டை மூடுவிக்கிறதோ? இந்தத் தடையால என்ன பிரயோசனம்? இது வந்த பிறகுதானே என்ர பிள்ளை பொய் சொல்லப் பழகினது?” என்று கேட்டு முடிக்கிறார்.

பதில்

அன்பான சகோதரிக்கு,

உங்கள் எட்டுப் பக்கங்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உளவளத்துணைப் பணி செய்கிறேன். பிள்ளைகள் துன்பத்தை மறைப்பதற்குச் சொல்லும் காரணங்கள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். ‘அம்மா கவலைப்படுவா’, ‘அப்பா அடிப்பார்’, ‘போனைப் பறிப்பினம்’. இந்தச் சில மாதங்களாகப் புதிதாக ஒன்றைக் கேட்கிறேன்: ‘நானே பிழை செய்தனான், எப்படி முறையிடுறது?’ உங்கள் வீட்டில் இன்று முதலில் சரிசெய்ய வேண்டியது ஸ்னப்சட் கணக்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தான் குற்றவாளி என்ற எண்ணத்தோடு ஐந்து வாரம் உங்கள் மகள் தனியே கிடந்திருக்கிறாள். அதை இன்றிரவே எடுத்துவிட வேண்டும்.

யாருக்குத் தண்டம்?

2024 நவம்பர் இறுதியில் அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது நிறுவனங்களை மட்டும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், த்ரெட்ஸ், டிக்டொக், ஸ்னப்சட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விச் ஆகிய பத்துத் தளங்களும், 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கைகள் எடுக்க வேண்டும். எடுக்கத் தவறினால் 49.5 மில்லியன் டொலர் வரை தண்டம். பிள்ளைக்கு எந்தத் தண்டனையும் இல்லை. பெற்றோருக்கும் இல்லை. பொய் வயது கொடுத்த பிள்ளைக்கும் இல்லை, ஒன்றுவிட்ட அக்காவின் முகத்தைக் காட்டிய பிள்ளைக்கும் இல்லை. அந்த முகத்தை வைத்து ஏமாறாமல் இருக்க வழி தேடவேண்டிய பொறுப்பு அந்த நிறுவனத்துடையது.

ஆகவே குடியுரிமையைப் பற்றிய பயத்தை விடுங்கள். இந்தச் சட்டத்தில் பிள்ளைக்கென்றோ பெற்றோருக்கென்றோ ஒரு குற்றமே எழுதப்படவில்லை. எழுதப்படாத குற்றம் எந்தப் படிவத்திலும் ஏறப்போவதில்லை. நம் சமூகத்தில் விசாவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அதிகம். ‘அரசாங்கம்’, ‘சட்டம்’ என்ற சொற்களைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது பெரியவர்களிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியிருக்கிறது. ‘என்னைத்தானே பிடிப்பினம்’ என்று இங்கு பிறந்து வளர்ந்த ஒரு 14 வயதுப் பிள்ளை சொல்வது வேறு எதனால்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘நான் அனுமதி கொடுத்தால் வைத்திருக்கலாம்தானே’ என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். முடியாது. இந்த விடயத்தில் பெற்றோரின் சம்மதத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை.

முதலில் படம், பிறகு கணக்கு

கணவரிடம் சொல்லுங்கள்: போனை உடைத்தால் சாட்சியும் சேர்ந்து உடையும். அந்தக் குழுவில் வந்த படம், அனுப்பியவர்களின் பெயர், நாள், நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் போனில் சேமியுங்கள். மகளோடு இருந்து செய்யுங்கள். அவளுக்குத் தெரியாமல் போனை எடுத்துத் தேட வேண்டாம். (இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: பிள்ளையின் ஆடையற்ற அல்லது பாலியல் தன்மையுள்ள படமாக இருந்தால் அதைப் படம்பிடிக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. அப்படியான படத்தை வைத்திருப்பதே சட்டச் சிக்கலாகலாம். அதை நேரே, இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரசு அலுவலகமான ஈசேஃப்டி ஆணையாளரிடம் முறையிடலாம்.)

வட்ஸ்அப் இந்த வயதுத் தடைக்குள் வரவில்லை. செய்தி பரிமாறும் செயலி என்பதால் விலக்கப்பட்டிருக்கிறது. தடைக்குள் வராததால் பாதுகாப்பானது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். பிள்ளைகள் பேசிய பேச்சு இன்ஸ்டகிராமிலிருந்து அங்கே குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் மீதான இணையவழித் துன்புறுத்தலுக்கு எதிரான முறைப்பாட்டு வழி, செய்திச் செயலிகளையும் உள்ளடக்கியது. முதலில் வட்ஸ்அப்பிலேயே முறையிடுங்கள். 48 மணி நேரத்துக்குள் அகற்றப்படாவிட்டால் ஈசேஃப்டி ஆணையாளரின் இணையத்தளத்தில் முறையிடலாம். படத்தை அகற்றும்படி கட்டளையிட அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. 18 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் முறையிடலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும் முறையிடலாம். கள்ளமாக ஒரு ஸ்னப்சட் கணக்கு வைத்திருந்த பிள்ளைக்கு அந்த உரிமை ஒரு துளியும் குறையாது. இந்த வசனத்தை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பாடசாலைக்கும் தெரியப்படுத்த வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் என்பதால் அங்கேதான் இது உண்மையில் அடங்கும். அவளுடைய வகுப்பு மட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான ஆசிரியரை (இயர் அட்வைசர்) சந்திக்க நேரம் கேளுங்கள். நிறத்தைப் பழித்தது இனவெறி. ‘பிள்ளைகளின் விளையாட்டு’ என்று அதைக் கரைக்க யாரையும் விடாதீர்கள். உங்கள் ஆங்கிலம் போதாது என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். 131 450 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் ‘தமிழ்’ என்று சொன்னால், தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைத்துப் பாடசாலையோடு பேசவைப்பார்கள். மகளை மட்டும் மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தன்னைப் பழித்த சொற்களைத் தன் வாயாலேயே தாய்க்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பாதியை விழுங்கிவிடுவார்கள்.

கணக்கை என்ன செய்வது?

இப்போது ஸ்னப்சட்டுக்கு வருவோம். நீங்களே நிறுவனத்துக்கு அறிவித்து மூடுவிக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் மகளுக்குத் தெரியாமல் செய்தால், ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்திறந்த பிள்ளைக்கு அம்மா கொடுத்த பதில் அதுவாகத்தான் அவள் மனதில் நிற்கும். அடுத்த முறை ஐந்து வாரமல்ல, ஐந்து மாதமானாலும் சொல்லமாட்டாள்.

கண்டும் காணாததுபோல் விட்டுவிடலாமா? அதையும் நான் சொல்லமாட்டேன். 19 வயதுப் பெண்ணாகப் பதிவான ஒரு கணக்கில் உங்கள் 14 வயது மகள் இருக்கிறாள். சிறுவர்களின் கணக்குகளுக்கென்று நிறுவனம் வைத்திருந்த கட்டுப்பாடுகள் இப்போது அவளுக்குப் பொருந்தாது. அந்நியர்களின் கண்ணுக்கும் அந்த மென்பொருளின் கணக்குக்கும் அவள் ஒரு வளர்ந்த பெண். முன்பிருந்ததைவிட இன்று அவள் அதிக ஆபத்தில் இருக்கிறாள். தடையைத் தாண்டும் பிள்ளைகளைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலையே இதுதான். ‘சட்டம் மீறினாய்’ என்று சொல்வதைவிட, இந்தக் காரணத்தை அவளுக்கு விளக்கினால் அவள் கேட்பாள். கெட்டிக்காரப் பிள்ளை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

என் ஆலோசனை: படத்தின் விவகாரம் ஒரு வழிக்கு வரும்வரை ஓரிரு வாரம் பொறுங்கள். அதற்குள் அவளுக்கு வேண்டிய படங்களையும் தோழிகளின் தொடர்புகளையும் வேறிடத்தில் சேமிக்கட்டும். பிறகு நீங்கள் இருவரும் மேசையில் இருந்து, அவள் கையாலேயே கணக்கை மூடட்டும். அழுவாள். கோபிப்பாள். அது துக்கம், துக்கமாகவே நடத்துங்கள். டிசம்பரில் நீங்கள் விளக்கேற்றிய அன்று அவளுக்கு என்ன போனது என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மச்சாள்மாரோடு அவள் பேசிய மொழி, பகிர்ந்த பகிடி எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன. அவர்களுக்கு இன்னும் அது இருக்கிறது. இவளுக்கு மட்டும் இல்லை. ஞாயிறு காலையில் வட்ஸ்அப்பில் மச்சாள்மாரோடு வீடியோ அழைப்புக்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். பெரியவர்கள் நடுவில் வந்து ‘படிக்கிறியா?’ என்று கேட்காத ஒரு மணி நேரமாக அது இருக்கட்டும்.

அவளுடைய நடனத்தை இனி இணையத்தில் பகிரலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கும் கணக்கில் அவளுடைய நடனத்தை நீங்கள் பகிர்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. உறவினர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டி வையுங்கள். கடவுச்சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டால் அது அவளுடைய கணக்காகிவிடும்.

அப்படியானால் தடையால் என்ன பயன்?

உங்கள் கோபமான கேள்வி இது. நேர்மையான பதில் சற்று நீளமானது.

பிள்ளை தடைக்குப் பிறகுதான் பொய் சொல்லப் பழகியது என்கிறீர்கள். சகோதரி, அவள் 12 வயதிலேயே பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்தவள். அவள் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1998இல் வந்த சிறுவர் தனியுரிமைச் சட்டத்தை ஒட்டி, 13 வயது என்ற எல்லையைத் தளங்கள் வைத்துக்கொண்டன. ஆனால் சரிபார்க்கவில்லை. பிறந்த ஆண்டை நீங்களே எழுதுங்கள் என்று கேட்டுவிட்டு, எழுதியதை நம்புவதாகக் காட்டிக்கொண்டன. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு இணையத்தில் நுழையும் வாசலிலேயே பொய்யைப் பழக்கியது அந்தப் படிவம். அந்தச் சௌகரியத்தை நிறுவனங்களிடமிருந்து பறித்தது என்ற அளவில் நான் இந்தச் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். பிள்ளையின் மனஉறுதியையும் தாயின் கண்காணிப்பையும் மட்டும் நம்பி நடந்த ஒரு போட்டியில், மறுபக்கத்தில் உலகின் மிகத் திறமையான பொறியியலாளர்கள் இருந்தார்கள்.

அதேநேரம் தடையின் ஓட்டைகளும் உண்மையானவை. முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடும் மென்பொருள் 16ஐ ஒட்டிய வயதுகளில் அதிகம் தடுமாறும். வெள்ளையரல்லாதவர்களின் முகங்களில் அதன் துல்லியம் சற்றுக் குறைவு என்பதை அரசு நடத்துவித்த பரிசோதனையின் அறிக்கையே சொல்கிறது. நம் பிள்ளைகளில் 17 வயதானவர் தடுக்கப்படுவதும் 14 வயதானவர் உள்ளே போவதும் நடக்கும். 2026 ஜனவரியில் அரசாங்கம் 4.7 மில்லியன் கணக்குகள் முடக்கப்பட்டதாக அறிவித்தது. பெரிய எண்தான். ஆனால் அது கணக்குகளின் எண்ணிக்கை. ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு கணக்குகள் இருந்திருக்கும். உங்கள் மகளைப்போல ஒன்றை இழந்து மற்றொன்றில் தங்கிய பிள்ளைகளும் அதற்குள் இருப்பார்கள்.

தென்கொரியா 2011இல் இதுபோல ஒன்றைச் செய்து பார்த்தது. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை கணினியில் இணைய விளையாட்டுகளை விளையாட முடியாது என்று சட்டம். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து நுழைந்தார்கள். பிறகு விளையாட்டே கைப்பேசிக்கு மாறியது. சட்டம் அங்கே எட்டவில்லை. 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் இல்லாமல் போனது. பெற்றோரின் இலக்கம், அக்காவின் முகம். கணினியிலிருந்து கைப்பேசிக்கு, இன்ஸ்டகிராமிலிருந்து வட்ஸ்அப்புக்கு. எவ்வளவு ஒற்றுமை பாருங்கள். ஒரு வேறுபாடும் உண்டு: இங்கே ஓட்டையை அடைக்கும் கடமை தொடர்ந்து நிறுவனத்தின் மேல் இருக்கிறது, அதற்குப் பெருந்தொகைத் தண்டமும் இருக்கிறது. அதை விடாமல் பிரயோகித்தால் தடை இறுகும். பிரயோகிக்காவிட்டால் கொரியாவின் கதைதான்.

என் அலுவலகத்தில் பார்ப்பதை வைத்து ஒன்று சொல்வேன். ஏற்கெனவே இரண்டு வருடம் உள்ளே வாழ்ந்துவிட்டு வெளியேற்றப்பட்ட 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் தடை ஓர் இழப்பாகவே வந்திருக்கிறது. அவர்களிடம் அது முழுதாகப் பலிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் உள்ளே போகாத பிள்ளைகளுக்குத்தான் இதனால் உண்மையான நன்மை.

உங்கள் மகனைப் பற்றி

அப்படி இன்னும் உள்ளே போகாத பிள்ளைதான் உங்கள் மகன். எட்டுப் பக்கத்தில் அவனுக்கு மூன்று வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள்: “மகன் பிரச்சினையில்லை, டீவியில யூடியூப் மட்டும் பார்ப்பான்.”

யூடியூப்பும் தடைக்குள் இருக்கிறது. ஆனால் சட்டம் தடுப்பது கணக்கு வைத்திருப்பதை மட்டும். கணக்கில்லாமல் பார்ப்பதை அது தடுக்கவில்லை. கணக்கோடு பார்த்தபோது பெற்றோர் போடக்கூடியதாக இருந்த கட்டுப்பாடுகள், கணக்கில்லாமல் பார்க்கும்போது இல்லை. தொலைக்காட்சியில் யாருடைய கணக்கில் அவன் பார்க்கிறான் என்று இன்றே பாருங்கள். உங்கள் கணவரின் கணக்காக இருந்தால், கணவருக்கென்று வரும் காணொளிகள் எல்லாம் பிள்ளைக்கும் வரும். யூடியூப் கிட்ஸ் தடைக்குள் வராது. அதைப் போட்டுக் கொடுங்கள். ரோப்லொக்ஸ் விளையாடுகிறானா என்றும் கேளுங்கள். அதுவும் இந்தத் தடைக்கு வெளியே. அதிலும் அந்நியர்கள் பேசலாம்.

அவனுக்கு 16 வயதாக ஆறு வருடம் இருக்கிறது. அக்காவுக்கு 12 வயதில் ‘வகுப்பில் எல்லாரிட்டையும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லை’ என்ற வேதனை இருந்தது. அதனால்தான் ஆண்டை மாற்றினாள். இவனுடைய வகுப்பில் எல்லாரிடமும் இருக்காது என்ற நிலை வந்தால், உங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அவனுடைய நண்பர்களின் பெற்றோர் நான்கைந்து பேரோடு இப்போதே பேசிவையுங்கள். தமிழ்ப் பாடசாலை வாசலில் சனிக்கிழமை காத்து நிற்கும் நேரம் போதும்.

வீட்டுக்கு ஒரு விதி மட்டும் சொல்கிறேன்: இரவு ஒன்பதரைக்கு எல்லாருடைய போனும் விறாந்தையில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். ‘எல்லாரும்’ என்றால் கணவரும்தான். மகளின் நித்திரை தடையால் சரியாகும் என்று எதிர்பார்த்தீர்கள். கட்டிலில் போன் இருக்கும்வரை எந்தச் செயலி மூடப்பட்டாலும் நித்திரை வராது. நீங்கள் வேலைக்குப் போகும் இரவுகளில் அம்மம்மா இதைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அவரோடு எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இன்றிரவு மகளிடம் நீண்ட பேச்சு வேண்டாம். அவளருகில் இருந்து, “உனக்கு ஒரு தண்டனையும் இல்லை. நான் விசாரிச்சுப் பார்த்திட்டன். அந்தப் படத்தை எடுப்பிப்பம், நானும் உன்னோட வாறன்” என்று சொல்லுங்கள். போனைப் பற்றி இன்று ஒன்றும் பேசாதீர்கள். அவள் உங்களோடு பேச விரும்பாவிட்டால் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800 இருக்கிறது. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், உங்கள் அனுமதி தேவையில்லை. சாப்பாடு, நித்திரை, நடன வகுப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்கு மேல் அவள் ஒதுக்கினால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

ஒன்றுவிட்ட அக்காவையும் திட்ட வேண்டாம். உங்கள் மகள் நம்பிப் போன ஒரே பெரிய ஆள் அவள்தான். மகளுக்கு என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு முன்னரே அவளுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு தேநீர் கொடுத்துக் கேளுங்கள்.

இந்தப் பதிலை மகளிடமும் காட்டலாம். நான் எழுதியதில் பிழை இருப்பதாக அவள் நினைத்தால், தமிழிலோ ஆங்கிலத்திலோ எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உளவளத்துணையாளர்